மடிப்பில் வெட்டாத சட்டை

ஜூன் 7, வெள்ளி

இன்று வகுப்பில் இரண்டு இடது கைகள் வெட்டிவிட்டேன்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. வெட்டியபோது வரவில்லை. துணி கொஞ்சம்தான் இருந்தது. இரட்டையாக மடித்துப் போட்டால் போதாது என்று ஒற்றையாக விரித்து, சட்டைக்கையின் அட்டையை வைத்து ஒன்றை வெட்டினேன். அடுத்த கைக்கு அட்டையைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். நான் அப்படியே நகர்த்தி வைத்து வெட்டிவிட்டேன். பூப்போட்ட துணி, ஒரு பக்கம்தான் நல்ல பக்கம். திருப்பிப் போட்டுத் தைக்கவும் வழியில்லை. வகுப்பு மாஸ்டர் திட்டவில்லை. "இந்தச் சட்டையைப் போட்டுக்கப் போறவரை ஒரு நாள் கூட்டிட்டு வாம்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பகலில் பல் மருத்துவமனையில் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். மாலையில் பேட்டர்ன் வகுப்பு. அதாவது ஒரு உடுப்பைத் தைப்பதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்து, அட்டையில் வெட்டி வைக்கும் வேலை. எனக்கு இது வருமா என்று இன்னும் தெரியவில்லை. தெரியாததால்தான் நடந்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே இருப்பவர் அதே வேலையில் பெரிய ஆள். ஆயத்த ஆடை கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறேன். ஆனால் அவரிடம் நான் எதுவும் படிப்பதில்லை. குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: "கம்பெனியில பேசறது போதும். வீட்டுல வந்து நாட்ச், கைக்குழின்னு ஆரம்பிச்சே, வாடகையை ஏத்திடுவேன்." நாட்ச் என்றால் இரண்டு துண்டுகள் எங்கே சேர வேண்டும் என்று காட்ட ஓரத்தில் போடும் சின்ன வெட்டு. கைக்குழி என்றால் சட்டைக்கை தோளில் வந்து சேரும் வளைவு.

இரவுச் சாப்பாடு அவர்களோடுதான். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அக்காவின் வெட்டு மேசையும் ஒன்றே. முன்பு நாலு காலுக்கும் செங்கல் வைத்து இடுப்பளவு உயர்த்தியிருந்தார்கள். அப்போதெல்லாம் நின்றுகொண்டே சாப்பிடுவோம். டிசம்பரில் அக்காவின் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, பக்கவாதம் வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா செங்கல்களை எடுத்துவிட்டார். இப்போது எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வெட்டும்போது அக்கா குனிந்து வெட்டுகிறார். அவ்வப்போது நிமிர்ந்து இடுப்பில் குத்திக்கொள்கிறார்.

இரண்டு இடது கைகளின் கதையை அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டும் இடது கையா?" என்றார் அண்ணன். தன் இடது கையை வலது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார், ஒரு பார்சலை வைப்பதுபோல. "எனக்கு இருக்கிற ஒண்ணே பாரமா இருக்கு பல்லு. உன் ஆளு ரெண்டை வெச்சுக்கிட்டு என்ன பாடு படறானோ."

பல்லு என்பது நான்தான். ஆஸ்பத்திரி வேலையால் வந்த பெயர்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அண்ணனின் தட்டில் இன்னொரு கிழங்கை உரித்து வைத்தார்.

"நானே உரிச்சுக்குவேன்" என்றார் அண்ணன்.

"உரிச்சாச்சு. மறுபடி ஒட்டவா முடியும்?"

ஜூன் 9, ஞாயிறு

காலையில் பன்னெண்டு வந்திருந்தார். பன்னெண்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். அண்ணன் இருபத்தேழாம் நம்பர் ஓட்டினார். டிப்போவில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அண்ணனை மட்டும் அவர் மச்சான் என்பார்.

நல்ல செய்தி கொண்டுவந்திருந்தார். அண்ணனால் இனி பஸ் ஓட்ட முடியாது. ஆனால் வண்டிகள் வெளியே போகிற, உள்ளே வருகிற நேரத்தைப் பார்த்து எழுதும் நாற்காலி ஒன்று காலியாகிறது. ஜூலை முதல் தேதியிலிருந்து அவரை அதில் உட்காரவைக்க டிப்போவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"உக்காந்த இடம், ஃபேன் காத்து, எவன் லேட்டா வந்தாலும் நீ முறைக்கலாம். ராஜ வாழ்க்கை மச்சான்."

அண்ணனின் முகம் மலர்ந்தது. ஆறு மாதமாக அவர் உள் பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். டாக்டரைப் பார்க்க மட்டும் வெளியே போவார். அன்றைக்கு அக்கா அவருக்குச் சட்டை போட்டுவிடுவார். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசமாட்டார்.

"நாற்காலிக்கும் யூனிஃபார்ம் உண்டா?" என்று அக்கா கேட்டார்.

"உண்டு தங்கச்சி. காக்கி, முழுக்கை. அங்க வந்துதான் மாத்தணும். வீட்டுலேர்ந்து போட்டுட்டு வரக் கூடாதுன்னு ரூல் இருக்கே. எவனோ ஒருத்தன் யூனிஃபார்மை மச்சினனுக்கு மாட்டி ஊர் பூரா ஓசியில அனுப்பினான்ல, அதுலேர்ந்து."

அண்ணன் டீக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அதுக்கென்ன மச்சான்? நான் இருக்கேன்ல. ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் ரெண்டே நிமிஷத்துல மாட்டி விட்டுடறேன்."

"நாப்பது பேர் நிக்கிற ரூம்ல."

"எல்லாம் நம்ம பசங்கதானே."

"அதான்" என்றார் அண்ணன். "நம்ம பசங்க. பஸ்ஸைச் சரியா நிறுத்தலேன்னு நான் திட்டின பசங்க. அவங்க முன்னாடி நான் கையை நீட்டிட்டு நிக்கணும், நீ எனக்கு ஸ்கூல் பிள்ளைக்கு மாட்டற மாதிரி மாட்டணும். நல்லா இருக்குடா உன் ராஜ வாழ்க்கை."

"மச்சான், நான் என்ன தப்பா..."

"நானே போட்டுக்க முடிஞ்சா வரேன். இல்லேன்னா வரல. வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு."

பன்னெண்டு என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் அழுக்கே இல்லை.

"ஒரு சட்டைதானே" என்றார், என்னிடம் இல்லை, அடுப்பிடம். "வருஷத்துக்கு எத்தனை சட்டைக்குப் பேட்டர்ன் போடறேன். ஒரு சட்டை."

ஜூன் 12, புதன்

அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்து போய்விட்டார். அவர் கம்பெனி எங்கள் ஆஸ்பத்திரித் தெருவின் கோடியில்தான் இருக்கிறது. மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேட்டர்ன் அறைக்குள் இன்றுதான் முதன்முறை நுழைந்தேன்.

மேல்மாடி. மின்விசிறி உண்டு, போடமாட்டார்கள், காகிதம் பறக்கும். சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு உடுப்பின் துண்டுகள் எல்லாம், ஓட்டை போட்டுக் கோத்த அட்டைகளாகத் தொங்குகின்றன. நடக்கும்போது தோள் பட்டால் கடகடவென்று சத்தம். கீழிருந்து தையல் மெஷின்களின் ஓசை தரைவழியாகச் செருப்புக்குள் வருகிறது.

அளவு பார்க்க நிற்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு ஆள் அங்கே நின்றிருந்தார். அக்கா அவர் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். பார்க்கக்கூட இல்லை, விரலே அளவைப் படித்தது.

"என்ன தம்பி, மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?"

"இல்லீங்களே."

"அப்ப இந்த அரை இஞ்ச் எங்கேர்ந்து வந்துச்சு? உன்னை நம்பி மூவாயிரம் சட்டை வெட்டப் போறாங்க. வாயைக் கட்டு."

அவர் போனதும் அக்கா கடைசிக் கொக்கியிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். ஓரம் தேய்ந்து துணிபோல ஆகியிருந்தது. அண்ணனின் சட்டைப் பேட்டர்ன். கல்யாணம் ஆன வருஷம் போட்டது. பக்கவாட்டில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பென்சில் கோடுகள்.

"ஒவ்வொரு கோடும் ஒரு தொப்பை" என்றார். "இதுக்கு மேலயும் ஒரு கோடு போட இடம் இருக்கான்னு கேப்பேன். அட்டையை மாத்திக்கோ, ஆளை மாத்தாதேம்பாரு."

அதை வைத்துச் சுற்றிலும் ஒரே அளவாகப் பெரிதாக்கி புதிதாக வரைந்தார். ஏற்கெனவே பட்டனுக்குப் பதிலாக ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை வைத்து ஒன்று தைத்துப் பார்த்தாகிவிட்டது. அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழிக்கிற சத்தத்துக்கு டிப்போ நாயெல்லாம் ஓடி வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யூனிஃபார்ம் என்றால் மற்றவர்களுடையது போலவே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். அதனால் இப்போது பட்டன், ஆனால் தாராளமாக.

அக்கா டேப்பையே தொடவில்லை. அண்ணனின் அளவுகள் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். இவ்வளவு நிச்சயம் எனக்கு என்றைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பெரிதாக்கிய சட்டையும் சரிப்படவில்லை.

அண்ணன் அதை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். கட்டில் கிரீச்சிட்டது. ஏதோ இடித்தது. மூச்சு வாங்கும் சத்தம். அக்கா கதவில் கையை வைத்தார். தள்ளவில்லை. அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகத் தோன்றவில்லை. அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

கதவு திறந்தது. சட்டை அவர் இடது கையில் முழங்கை வரை ஏறி நின்றிருந்தது. மீதியெல்லாம் முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு கயிறுபோலத் தொங்கியது. முகமெல்லாம் வியர்வை.

"நான் சட்டையைப் போடல மாஸ்டர். சட்டைதான் என்னைப் போட்டுது. ரெண்டு ரவுண்டு."

அக்கா நெருங்கி வந்து அதைக் கழற்றினார். அண்ணன் தடுக்கவில்லை.

"எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்க. அங்க இன்னும் விடறேன்."

"எங்கேயும் பிடிக்கல. அதான் கஷ்டம். கூடாரத்துக்குள்ள வாசலைத் தேடற மாதிரி இருக்கு. இந்தக் கை உள்ள போய் எங்கேயோ மாட்டிக்குது. எங்கேன்னு எனக்கே தெரியல, கைக்கு உணர்ச்சி இருந்தாத்தானே."

"அப்ப இன்னொரு தடவை..."

"விடும்மா" என்றார் மெதுவாக. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீயும் குனிஞ்சு குனிஞ்சு வெட்டற. இடுப்பு போயிடும். ஜூலையும் வரும், ஆகஸ்டும் வரும். நான் பஸ் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முட்டை ஆறிப்போய்விட்டது.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பேட்டர்ன் காகிதமெல்லாம் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுவிட்டது. அக்கா துவைத்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினார்.

வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள்: ஒரு ஆணின் சட்டைக்கு உயிருள்ள ஆளிடம் அளவெடுத்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை அண்ணனிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆம்பளை வேணுமா? உயிரோட இருந்தாப் போதுமா?" என்றார். "இதோ இருக்கேன். இந்த ஊர்லயே அசையாம உக்காந்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான். எடு டேப்பை."

எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் அவர் எழுந்து நின்றுவிட்டார். கழுத்து, மார்பு, வலது தோள், வலது கை என்று வரிசையாக எடுத்தேன். வகுப்பில் ஒரு பக்கம் எடுத்தால் போதும் என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பின் பாதியை வரைந்து, துணியை மடித்துப் போட்டு வெட்டினால் மறுபாதி தானே வந்துவிடும். ஆனால் நான் எதையும் இரண்டு முறை எடுப்பவள். முதல்முறை தப்பாகத்தான் எடுத்திருப்பேன் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இரண்டாம் முறைக்கு நான் நின்ற இடம் அவருக்கு இடதுபக்கமாக இருந்தது. தோளில் டேப்பை வைத்தேன். அளவு வேறாக வந்தது. மறுபடி வைத்தேன்.

"எழுது, எழுது" என்றார் அண்ணன். "நீ தப்பா எடுக்கல."

அப்போது அக்கா ஈரத்துணிகளோடு உள்ளே வந்தார். நின்றார். துணிகளை மேசைமேல் அப்படியே போட்டார். அது அவர் வழக்கமே இல்லை. மேசைமேல் காகிதம் இருந்தது.

"என்ன பண்ற?"

"வீட்டுப்பாடம் அக்கா..."

"அதுக்கு இவர்தான் கிடைச்சாரா? உடம்பு சரியில்லாத மனுஷனை எழுப்பி நிக்க வெச்சு... குடு இதை." டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்ட ஆரம்பித்தார். "வேற யாரையாவது பாரு."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

"நீங்க எதுக்குங்க? உங்க அளவுதான் எனக்குத் தெரியுமே. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"சொல்லு பாப்போம். இடது தோள்?"

"ஏழேமுக்கால்."

"அது கல்யாணத்தப்ப."

அக்கா டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. சுருட்டி முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினார்.

"கம்பெனியில வர்றவன் போறவன் எல்லாரையும் அளக்கற" என்றார் அண்ணன். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. "அரை இஞ்ச் கூடினாக் கண்டுபிடிக்கிற. ரெண்டு சட்டை தெச்ச எனக்கு. ஒரு தடவை டேப்பை வெச்சியா? அந்தப் பழைய அட்டையைத்தான் பெருசு பண்ற, சின்னது பண்ற. அந்த அட்டையில இருக்கிறவன் வேற ஆளும்மா. அவனுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. நான் இங்க நிக்கிறேன்."

நான் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "எங்க போற? எழுத ஆள் வேணும்" என்றார்.

அவர் அண்ணனின் பனியனைத் தூக்கிக் கழற்றினார். பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் டேப்பை வைக்கவே இல்லை. உள்ளங்கையை மட்டும் அவர் முதுகில் வைத்து, இடது தோளிலிருந்து வலது தோள் வரை நகர்த்தினார், துணியில் சுருக்கம் நீவுவதுபோல. பிறகு டேப் வந்தது.

"இடது தோள், ஏழேகால்" என்றார். எழுதினேன். "ஒரு இஞ்ச் கீழ இறங்கியிருக்கு. அதையும் எழுது." எழுதினேன். "இடது புஜம்..." நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். "பதினொண்ணு."

"சொல்றது காதுல விழுது" என்றார் அண்ணன். "ஏதோ இழவு வீட்டுல பேர் வாசிக்கிற மாதிரி வாசிக்காதே."

"சும்மா நில்லுங்க. ஆடினா அளவு மாறும்."

"நானா ஆடறேன்? உன் கை ஆடுது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் வந்தார். வலது புஜத்தைச் சுற்றி டேப்பைப் போட்டவர், மறுபடி போட்டார். என்னைப்போலவே. முன்னைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது.

"இது எப்படிங்க?"

"ரெண்டு பேர் வேலையை ஒருத்தன் பாக்கறான்ல. பாவம், அவனை யாரும் கண்டுக்கல."

இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக எடுத்தார். முதுகு இடது பாதி தனி, வலது பாதி தனி. இடது கை தானாக எவ்வளவு தூரம் தொங்குகிறது, வலது கையால் பிடித்துத் தூக்கினால் எவ்வளவு உயரம் வருகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்காமலே அண்ணன் திரும்பி நின்றார். அக்கா பேசிக்கொண்டே எடுத்தார். அங்கே ஒரு மச்சம் இருந்ததே, எங்கே என்று கேட்டார். இடம் மாறியிருக்கும், அதற்கும் வாதம் என்றார் அண்ணன். மழை விட்டபோது நான் எழுதிய தாள் நிறைந்திருந்தது. வீட்டுப்பாடத்தை யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கும்தான்.

ஜூன் 28, வெள்ளி

இந்த வாரம் அக்கா சட்டையை மடிப்பில் போடாமல் வெட்டினார். துணியை ஒற்றையாக, முழுசாக மேசைமேல் விரித்தார். இடது முன்பக்கம் ஒரு அட்டை, வலது முன்பக்கம் வேறு அட்டை. முதுகும் ஒரே முழுத் துண்டு. நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொன்றிலும் இ, வ என்று பெரிதாக எழுதியிருந்தார். பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. யாரோ தப்பாக வெட்டியது போலிருந்தது.

முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தார். இடது கைக்குழியை ஆழமாக இறக்கி, இடது சட்டைக்கையைத் தோள் பக்கம் அகலமாக வைத்திருந்தார். உள்ளே, கோட் சூட்டுக்கு உள்பக்கம் வைக்கும் வழுக்குத்துணி. உணர்ச்சியில்லாத விரல்கள் எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. முதுகில் இடது பக்கமாக ஒரு ஆழமான பிளீட், அதாவது கொசுவ மடிப்பு. வலது கை பின்னால் தேடும்போது துணி விரிந்து கொடுக்கும். போட்டு நின்றால் மூடிக்கொள்ளும். வெளியே தெரியாது.

அண்ணன் மேசையோரம் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கையால் சட்டைக்கையை இடது கைமேல் ஏற்றினார். விரல்கள் மறுமுனையில் வெளியே வந்தன. "வந்துட்டான்யா" என்றார். தோளுக்கு ஏற்றி, வலது கையைப் பின்னால் விட்டார். ஒருமுறை தவறியது. மறுமுறை கை உள்ளே போய்விட்டது. அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பட்டன்களை ஒற்றைக் கையால் போட்டார். கீழிருந்து மேலாக. மெதுவாகத்தான். இடது சட்டைக்கை முனையில், மணிக்கட்டில் வரும் பட்டனையும் போட்டார்.

அப்புறம் வலது கை முனை. அது விரிந்து தொங்கியது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம்.

"அட" என்றார் அக்கா.

இடது கையைப் பற்றியே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம். இடது கைப் பட்டனை வலது கை போட்டுவிடும். வலது கைப் பட்டனை யார் போடுவது?

"நல்லவனுக்குத்தான் இந்த ஊர்ல உதவிக்கு ஆள் இல்ல" என்றார் அண்ணன்.

அக்கா கையைச் சுருட்டிவிடலாமா, இரும்புக் கொக்கி வைக்கலாமா என்று அடுக்கிக்கொண்டே போனார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "பட்டனை முதல்லயே போட்டு வெச்சுட்டா?" என்றார்.

"கை எப்படிங்க உள்ள போகும்? இதுதான் தடிச்ச கை."

"பட்டனைக் கட்டியிருக்கிற நூல் நீண்டு குடுத்தா?"

அக்கா அவரையே பார்த்தார். எழுந்துபோய் டப்பாவிலிருந்து மெல்லிய எலாஸ்டிக் நூலை எடுத்து வந்தார். பட்டனைப் பிடுங்கி அதால் தளர்வாகத் தைத்தார். பட்டன் போட்டபடியே இருந்த முனைக்குள் அண்ணன் கையை நுழைத்தார். நூல் நீண்டது. கை வெளியே வந்தது. நூல் சுருங்கி, பட்டன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மற்றவர்களுடையது போலவே இருந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன்" என்றார் அக்கா.

"நானும் இருபத்தஞ்சு வருஷமா உன்கூட இருக்கேன். கொஞ்சமாவது ஒட்டாதா?"

இன்று நான் வெறும் நூல் கோத்துக் கொடுத்தேன். அதிலும் ஒருமுறை முடிச்சுப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

காக்கிச் சட்டை நேற்று மாலை முடிந்தது. காலையில் அண்ணன் அதை மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து போகும்போதும் சட்டை வேண்டுமே. காடாச் சட்டையையே போட்டுக்கொண்டார். வெள்ளையாக, பென்சில் கோடுகளோடு இருந்தது. "மாத்துங்க, யாராவது பாத்தாச் சிரிப்பாங்க" என்றார் அக்கா. "சிரிக்கட்டும். வரைபடம்னு சொல்லிக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். அக்கா தெருமுனை வரை கூடப் போகவில்லை. வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஜன்னலோரம், அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று எனக்கு வகுப்பு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்துவிட்டேன். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். மேசையைத் துடைத்தார். டீ போட்டார், ஆறியது, மறுபடி போட்டார்.

அண்ணன் வந்தபோது கூடவே பன்னெண்டும் வந்தார். அவர் வாசலிலேயே, "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் முதல் நாளே என் வண்டிக்கு நாலு நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டாரு" என்று கத்தினார்.

"லேட்டுன்னா லேட்டுதான்" என்றார் அண்ணன்.

அக்காவின் கண் அண்ணனின் கழுத்து, தோள், கை என்று ஓடியது. அவர் மறுபடி காடாச் சட்டையில் இருந்தார். அங்கே கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரே நாளில் இரண்டுமுறை. பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. ஒரு பக்கம் காலர் மேலே நின்றது.

அக்காவின் கை அந்தப் பட்டனுக்குப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே டீக் கோப்பையை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"ரூம்ல எப்படி?" என்று கேட்டார்.

"எல்லாரும் இருந்தாங்க. நான் உக்காந்தேன். போட்டேன். காலர் உள்ள மடங்கிக்கிச்சு. இவன் கையைத் தூக்கிட்டு வந்தான். ஒரு பார்வை பாத்தேன்."

"கையைப் பையில விட்டுக்கிட்டேன் தங்கச்சி" என்றார் பன்னெண்டு. "டிரைவரா இருந்தப்பகூட இப்படி முறைச்சதில்ல."

"நேரம் ஆச்சா?"

"ஆச்சு" என்றார் அண்ணன். "எல்லாரும் போட்டு முடிச்சு, சீப்பெல்லாம் போட்டு, போயிட்டாங்க. நான் கடைசி. ஆனா அந்த ரூமை விட்டு யூனிஃபார்மோட வந்தேன்." டீயைக் குடித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும் மாஸ்டர். வலது கைக்குழி அக்குள்ல அறுக்குது. நாள் பூரா எழுதற கை. என்ன அளவெடுத்தே நீ?"

பன்னெண்டு பதறிப்போனார். "மச்சான், பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு..."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். ஆறு மாதமாகச் சரிப்படாததையெல்லாம் விடும்மா என்று ஒதுக்கிக்கொண்டிருந்தவர் இன்று இடம் காட்டிக் குறை சொல்கிறார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"எங்க அறுக்குது? சும்மா அறுக்குதுன்னா? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"கையைத் தூக்கிக் காட்டுங்க."

அண்ணன் வலது கையைத் தூக்கினார். அக்கா டேப்பை எடுத்தார்.

சாப்பிட்டுவிட்டு மேலே வந்து இதை எழுதுகிறேன். கீழே இன்னும் அந்தக் கைக்குழியைப் பற்றித்தான் வாதம் நடக்கிறது.

நாளைக்குச் செய்ய வேண்டியது: காலையில் வேலைக்குப் போகும் முன், இரண்டாவது சட்டைக்கான காக்கித் துணியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தைத்த பிறகு சுருங்கக் கூடாது. மாலையில் அதை உலர்த்தி, ஒற்றையாக விரித்து இஸ்திரி போட வேண்டும். வலது முன்பக்க அட்டையில் கைக்குழியைக் கால் அங்குலம் இறக்கி வரைய வேண்டும். அதை அக்கா செய்வார்.